பாதித் தொட்டித் தண்ணீரில் எதை வளர்க்கலாம்?

பாதி தண்ணீர், பாதி மண் என்று ஒரு சின்னத் தொட்டியை அமைத்துவிட்டு அதில் எதை விடலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் பார்ப்பது உயிரின் அளவைத்தான். அதைவிட முக்கியம், அது எப்படி மூச்சு விடுகிறது என்பது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி நிரம்பினால் 54 லிட்டர். பாதி வரை ஊற்றினால் 27. அதில் கல்லும் மண்மேடும் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டால் மிஞ்சுவது 18 லிட்டர்தான், ஒரு வாளித் தண்ணீர்! கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகினால் அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேறச் சில வாரங்கள் பிடிக்கும், அதுவரை நிரம்பிய தொட்டியைவிட மூன்று மடங்கு அடர்த்தியாக அந்த நஞ்சு வாளித் தண்ணீரில் சேரும். அதனால் நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் உயிரைவிட, தண்ணீரைக் கொஞ்சமாகப் பயன்படுத்தும் உயிர்தான் இந்தத் தொட்டிக்குச் சரி.

ஆமை வேண்டவே வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் செங்காது ஆமைக்குஞ்சு வளர்ந்தால் 20 செ.மீ.யைத் தாண்டும், 20 வருடத்துக்கு மேல் வாழும், நிறையத் தின்று நிறையக் கழிக்கும்.

என் முதல் தேர்வு வாம்பயர் நண்டு. ஓடு இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். பெரும்பாலும் கரையில் இலைச்சருகுக்குள்தான் ஒளிந்திருக்கும், தண்ணீருக்குள் அவ்வப்போதுதான் இறங்கும். இதற்கும் செவுள்தான், நுரையீரல் இல்லை. ஓட்டுக்கு அடியில் உள்ள அறையில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்கிறது, செவுள் ஈரமாக இருக்கும் வரை காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அந்த ஈரத்தில் கரைந்து ரத்தத்துக்குப் போய்விடும். காற்று வறண்டால் செவுளும் வறளும், பக்கத்திலேயே தண்ணீர் இருந்தாலும் நண்டு திணறும். ஆகவே இதற்குத் தண்ணீர் மட்டத்தைவிட மூடிதான் முக்கியம்: ஈரத்தைப் பிடித்து வைக்கும், தப்பித்து ஓடுவதையும் தடுக்கும். இதன் குஞ்சுகளுக்குக் கடல் தேவையில்லை, முட்டையிலிருந்து நேராகக் குட்டி நண்டாகவே வெளிவரும்.

ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் ஃபிட்லர் நண்டைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அது கழிமுகத்து உயிர், உவர்நீர் இல்லாமல் நல்ல தண்ணீரில் விட்டால் மெல்ல மெல்ல நலிந்துபோகும். சேற்றில் தாவும் மீனுக்கும் அதே உவர்நீர் வேண்டும், போதாததற்கு இடத்துக்காகச் சண்டை போடும்.

தவளை இனம்தான் வேண்டும் என்றால் நெருப்புவயிற்றுத் தேரை பொருந்தும். முதுகு பச்சை, வயிறு செம்மஞ்சள், நீளம் சுமார் 5 செ.மீ. அது தோல் வழியாகவும் மூச்சு விடும், தண்ணீரையும் தோல் வழியாகவே உறிஞ்சும், ஆகவே குளோரின் நீக்காத குழாய்த் தண்ணீர் நேராக உடம்புக்குள் போய்விடும். அதன் தோலில் நஞ்சு சுரப்பதால் மீனோடும் நண்டோடும் சேர்த்து விடக் கூடாது, தொட்டால் கையைக் கழுவ வேண்டும்.

நண்டு வாங்கினவர்களுக்கு இன்னொன்று. ஒருநாள் கரையில் கால், கொடுக்கு எல்லாம் அப்படியே இருக்க அசையாமல் ஒரு நண்டு கிடக்கும், செத்துவிட்டது என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள். லேசாக, உள்ளே வெறுமையாக இருந்தால் அது உரித்துப் போட்ட சட்டை. மெத்தென்ற புது ஓட்டோடு நண்டு பக்கத்தில் எங்கேயோ பதுங்கியிருக்கும், அப்புறம் வந்து அந்தச் சட்டையைத் தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.