நுரையீரல் புற்றுநோய்: பெண்களின் இறப்பு ஏன் தாமதமாகக் குறைகிறது?

அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோயால் ஆண்கள் இறக்கும் விகிதம் 1990-ஐ ஒட்டி உச்சம் தொட்டது: ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 90 பேர். பெண்களின் விகிதம் அப்போது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. 1987-லேயே அது மார்பகப் புற்றுநோயை முந்திவிட்டது. 2000-ஐ ஒட்டித்தான் லட்சத்துக்கு நாற்பதைச் சற்றே தாண்டி நின்று, மெல்ல இறங்கத் தொடங்கியது. இவை வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிய எண்கள். அப்படிச் செய்யாவிட்டால், மக்கள்தொகையில் முதியோர் பெருகுவதே நோய் பெருகுவதுபோலக் காட்டிவிடும்.

பத்தாண்டு இடைவெளிக்கு முதன்மைக் காரணம் உடலமைப்பு அல்ல, சிகரெட் கைக்கு வந்த காலம். ஆண்களிடம் முதல் உலகப் போரின்போதே பழக்கம் பெருகியது. பெண்களிடம் அது பரவலானது 1930, 40-களில். புகைப்பது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்ற தலைமை அரசு மருத்துவரின் அறிக்கை 1964-இல் வந்த பிறகு ஆண்கள் கணிசமாக விட்டார்கள். பெண்களைக் குறிவைத்தோ, 1968-இல் தனி பிராண்டே சந்தைக்கு வந்தது.

புகையிலுள்ள பென்சோபைரீன் போன்ற வேதிப்பொருள்கள் செல்லின் டிஎன்ஏ-வில் ஒட்டிப் பிழைகளை உண்டாக்குகின்றன. ஒரு பிழை போதாது. பிழை திருத்தும் மரபணு, பெருக்கத்தைத் தடுக்கும் மரபணு என்று பல கெட்டால்தான் கட்டி உருவாகும். அதற்கு 20, 30 ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் தினமும் இரு மடங்கு புகைப்பதைவிட, இரு மடங்கு ஆண்டுகள் புகைப்பது அதிக ஆபத்து. 'கொஞ்சமாகத்தான் பிடிக்கிறேன்' என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஃபில்டரும் காப்பாற்றவில்லை. நிகோட்டின் குறைந்ததும் ஆழமாக இழுத்தார்கள்; ஃபில்டரின் காற்றுத் துளைகளை விரலும் உதடும் மூடின. புகை நுரையீரலின் ஓரம்வரை போனது. பெரிய மூச்சுக்குழாயில் வரும் செதிள் செல் புற்று குறைந்து, ஓரங்களில் வரும் அடினோகார்சினோமா முதலிடத்துக்கு வந்ததில் இதற்கும் பங்குண்டு.

2013-க்குப் பிறகு இறப்பு, புதிதாக நோய் வருவது குறையும் வேகத்தையும் மிஞ்சிக் குறைகிறது. இது சிகிச்சையின் வெற்றி: ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றங்களைக் குறிவைக்கும் மாத்திரைகள், 2015 முதல் நோயெதிர்ப்பு மருந்துகள். கட்டியின் திசுவிலோ ரத்தத்திலோ மரபணுப் பரிசோதனை செய்யாமல் இந்த மாத்திரைகளைத் தேர்ந்தெடுக்க முடியாது.

குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன், மார்பு எக்ஸ்-ரேயோடு ஒப்பிடுகையில் நுரையீரல் புற்றுநோய் இறப்பை 20 சதவீதம் குறைத்ததாக 2011-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. 2021 அமெரிக்கப் பரிந்துரைப்படி 50 முதல் 80 வயதுவரை உள்ளவர்கள், 20 'பாக்கெட்-ஆண்டு' புகைத்து, இன்னும் புகைப்பவராகவோ விட்டு 15 ஆண்டு ஆகாதவராகவோ இருந்தால் ஆண்டுதோறும் எடுக்கலாம். தினமும் பிடித்த பாக்கெட்டை (ஒரு பாக்கெட் என்பது 20 சிகரெட்) ஆண்டுகளால் பெருக்குங்கள்: அரை பாக்கெட், 40 ஆண்டு என்றால் 20.

இந்தக் கணக்குக்குள் வராதவர்களும் உண்டு. 1960-களின் நடுவிலிருந்து பிறந்த வெள்ளையின, ஹிஸ்பானிக் பெண்களிடம், இளம் வயதில் இந்நோய் அதே வயது ஆண்களைவிட அதிகமாக வருகிறது. புகைப்பழக்கம் மட்டும் இதை விளக்கப் போதவில்லை. புகைக்காத பெண்ணுக்கு வாரக்கணக்கில் இருமல் நின்றபாடில்லை என்றாலும், சளியில் ரத்தம் வந்தாலும், 'புகைக்காதவர்தானே' என்று ஒதுக்காமல் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.