விளக்கு எரிகிறதே என்று டேங்குக்குள் தலையை விடாதீர்கள்

நாசிக் பக்கம் ஒயின் திராட்சைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. அந்த மூன்று மாதமும் நான் திண்டோரி சாலையில்தான் கிடப்பேன். சொந்தத் தோட்டத்துத் திராட்சையைத் தோட்டத்து ஓரத்து ஷெட்டிலேயே ஒயினாக்கும் சிறு குடும்பங்களுக்கு நொதித்தல் வேலையைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று தொடங்கும் முன்னால் ஷெட்டின் காற்றைப் பற்றித்தான் பேசுவேன். அதற்குக் காரணம் ஒரு பிப்ரவரி காலை.

ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் திராட்சை போட்டிருந்த 2,000 லிட்டர் டேங்க். முந்தைய இரவே ஒயினை வேறு டேங்குக்கு மாற்றிவிட்டார்கள். அடியில் தோலும் விதையுமாகச் சக்கை மட்டும் நின்றது. வீட்டுப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும், கீழ்க்கதவைத் திறந்து வாரியால் இழுத்துக் கொண்டிருந்தான். வாரியின் பிடி இரண்டரை அடிதான். எதிர்ச் சுவரோரம் ஒட்டியிருந்த சக்கை எட்டவில்லை. தலையையும் தோளையும் உள்ளே விட்டுக் கையை நீட்டினான். இரண்டு மூச்சு எடுத்திருப்பான், முழங்கால் மடங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே வெளியில் கிடந்ததால் அப்பா காலைப் பிடித்து இழுத்துப் போட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் திண்ணையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் சிவப்புச் சாறு. "சோடா குடிச்சு ஏப்பம் விட்ட மாதிரி மூக்கில் சுர்ருன்னு ஏறிச்சு, அப்புறம் எதுவும் தெரியலை" என்றான்.

அப்பா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "மெழுகுவத்தி காட்டிப் பார்த்துட்டுத்தானே செஞ்சோம். நல்லா எரிஞ்சுதே."

எனக்கு அந்த மெழுகுவத்தி புதிதல்ல. நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவன். கிடப்பில் கிடந்த கிணற்றில் தூர்வார இறங்கும் முன்னால் தாத்தா அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். விளக்கு அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. அந்தப் பாதி சரிதான். அணைந்தால் ஆபத்து நிச்சயம். ஆனால் எரிந்தால் ஆபத்து இல்லை என்று அர்த்தமே கிடையாது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிற்பாடுதான்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகவும், மீதிப் பாதி கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. நன்றாகப் பழுத்த திராட்சையின் ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் 50 லிட்டருக்கு மேல் இந்த வாயுவை விடும். அப்படியென்றால் 2,000 லிட்டர் டேங்க் ஒன்று விடும் வாயு, 20 அடிக்கு 15 அடி, 12 அடி உயர அறை ஒன்றை முழுதாக நிரப்பப் போதும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் மேலே போகாது. டேங்க் அடியில், தரையில், படி இறங்கிப் போகும் பள்ளத்தில் தண்ணீர் மாதிரித் தேங்கும். ஒயினை வடித்த பிறகும் சக்கையில் நொதித்தல் நின்றுவிடாது.

நாம் சாதாரணமாகச் சுவாசிக்கும் காற்றில் இந்த வாயு 0.04 சதவீதம்தான். எட்டு மணி நேர வேலைக்கு 0.5 சதவீதம் என்று பல நாடுகளில் வரம்பு வைத்திருக்கிறார்கள். 4 சதவீதத்தை உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கிடுகிறார்கள். 10 சதவீதத்தைத் தொட்டால் ஒரு நிமிஷத்துக்குள் நினைவு போகலாம். மெழுகுவத்தியோ 5 சதவீதத்திலும் எரிந்துகொண்டிருக்கும். அதுவும் கதவு வாயில் பிடித்தால், வெளிக்காற்று கலக்கும் இடம் அது, எரியாமல் என்ன செய்யும்? பையனின் மூக்கு போன இடம் அதற்கு மூன்றடி உள்ளே.

கொஞ்சம் வசதியுள்ளவர்கள் ஆக்சிஜன் மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அதுவும் போதாது. காற்றில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்தால் ஆக்சிஜன் 20.9-லிருந்து 19.9 சதவீதத்துக்கு அருகில்தான் இறங்கும். மீட்டர் கத்துவதோ பெரும்பாலும் 19.5-க்குக் கீழே போனால். அதாவது உயிருக்கு ஆபத்தான அளவுக்கு வாயு ஏறியிருக்கும், மீட்டர் சும்மா இருக்கும். கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளக்கும் கருவிதான் வேண்டும். நல்ல பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே இல்லை.

இத்தாலியில் கலாப்ரியா பகுதியின் பாவோலா ஊரில் 2021 அக்டோபரில் நடந்ததை எல்லா வீட்டிலும் சொல்கிறேன். வீட்டு உபயோகத்துக்கு ஒயின் போடும் சின்ன இடம். நொதித்துக்கொண்டிருந்த திராட்சைச் சாற்றின் வாயுவில் நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு பேர் அண்ணன் தம்பி, மற்ற இருவர் அப்பாவும் மகனும். நம் ஊர்க் கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளிலும் இதே கதைதானே. ஒருவர் விழ, காப்பாற்றப் போனவரும் விழுகிறார். குடும்பத் தொழிலில் இது இன்னும் கொடுமை, ஏனென்றால் விழுந்து கிடப்பது பெற்ற பிள்ளை. நில் என்று சொன்னால் எந்த அப்பா நிற்பார்? அதனால்தான் விழுவதற்கு முன்னாலேயே பேசிவைக்கச் சொல்கிறேன்: யார் விழுந்தாலும் உள்ளே போகக் கூடாது, சத்தம் போட வேண்டும், ப்ளோயரைப் போட வேண்டும், 108-க்கும் தீயணைப்புக்கும் ஃபோன் போக வேண்டும். ஈரத் துணி, தூசு மாஸ்க், பெயின்டர் மாஸ்க் எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது.

ஷெட்டில் நான் முதலில் பார்ப்பது எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கே இருக்கிறது என்பதை. பத்துக்கு எட்டு இடத்தில் கூரையோரம் இருக்கும். கனமான வாயு தரையில் கிடக்க, மேலே ஃபேன் ஓடி என்ன பயன்? தரை மட்டத்தில் இழுக்கிற மாதிரி மாற்றச் சொல்வேன். குளிர் போகாமல், பழ ஈ வராமல் கதவை இறுக மூடிவிட்டு, நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது நடுராத்திரி இரண்டு மணிக்கு ஒற்றை ஆளாகப் போய், சாற்றின் மேல் மிதக்கும் தோல் மெத்தையை அமுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். போவதற்குக் கால் மணி நேரம் முன்னால் கதவைத் திறந்து ஃபேனை ஓட விடுங்கள், கூட இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சக்கை வாரும் நாளில் ப்ளோயர் குழாயை டேங்கின் அடிவரை விட வேண்டும். வேலை முடியும்வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன டேங்குக்குள் ஆள் நுழையவே தேவையில்லை, ஐந்தடிப் பிடி வைத்த வாரி போதும்.

காலி டேங்க் என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒயின் கெடாமல் இருக்க நைட்ரஜன் நிரப்பிய டேங்க், வடித்த பிறகும் நைட்ரஜனோடுதான் நிற்கும். கார்பன் டை ஆக்சைடாவது மூக்கில் சுர்ரென்று ஏறும், மூச்சு வாங்க வைக்கும். நைட்ரஜனுக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. இங்கே மட்டும் ஆக்சிஜன் மீட்டர் உதவும்.

அந்தப் பையன் வீட்டுக்கு இந்த ஜனவரியிலும் போனேன். வெல்டரிடம் கொடுத்து வாரிக்கு நீளப் பிடி போட்டிருக்கிறார்கள். சுவரில் தரையோரமாக ஓட்டை போட்டு ஃபேனை இறக்கியிருக்கிறார்கள். ஷெட் சாவி இப்போது அவன் அம்மாவின் இடுப்பில். இரண்டு பேராக வந்து கேட்டால்தான் எடுத்துத் தருகிறார். என்னையும் தனியாக வந்தேன் என்று வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, பையனைக் கூப்பிடப் போனார்.