ஹெட்லைட் வெளிச்சத்துக்கும் சட்டம் உண்டு: பிரைட், டிம், அபராதம்

இரவில் எதிரே வருகிற வண்டி பிரைட் லைட்டைக் குறைக்காமல் வந்தால் வாய்க்குள் திட்டுகிறோம், அல்லது பதிலுக்கு நாமும் பிரைட் போடுகிறோம். அது அபராதத்துக்குரிய குற்றம் என்பது வண்டி ஓட்டுகிற பலருக்குத் தெரியாது. அடுத்தவர் கண்ணைக் கூச வைக்கும்படி விளக்கு இருக்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே, மீட்டர் கணக்கில் அளவு குறித்து எழுதியிருக்கிறார்கள். அந்த விதி என்ன சொல்கிறது, மீறினால் எவ்வளவு கட்ட வேண்டும், நம் வண்டி விதிக்குள் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் போலீஸால் செய்ய முடிவதைவிட வண்டி வைத்திருப்பவரால் செய்ய முடிவதுதான் அதிகம்.

விதி கேட்பது என்ன?

முதலில் 105ஆவது விதி. சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆனதிலிருந்து, விடிவதற்கு அரை மணி நேரம் முன்பு வரை பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு விளக்கு எரிய வேண்டும். மழை, மூடுபனி என்று வெளிச்சம் போதாத எந்த நேரத்துக்கும் இது பொருந்தும். அந்த விளக்கில், 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அடுத்தது 106ஆவது விதி. விளக்கின் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் நினைத்தவுடன் கீழே சாய்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் வலப்புறம் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண் கூசக் கூடாது. வலப்புறம் என்பது நம் ஊரில் எதிர் வண்டி வரும் பக்கம். 1.5 மீட்டர் என்பது கிட்டத்தட்ட ஸ்கூட்டரில் உட்கார்ந்து வருகிறவரின் கண் உயரம். எதிரே பைக்கில் வருகிற மனிதரை மனதில் வைத்து எழுதியது போலவே எனக்கு இந்த விதி படுகிறது.

இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தால், ஒன்று தூரம் தெரிய வேண்டும் என்கிறது, மற்றது கண் கூசக் கூடாது என்கிறது. ஒரே வெளிச்சத்தால் இரண்டையும் செய்ய முடியாது. அதனால்தான் ஒவ்வொரு வண்டியிலும் பிரைட், டிம் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். ஆகவே பிரைட் போடுவதே தப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தெருவிளக்கு இல்லாத, எதிரே யாரும் வராத சாலையில் பிரைட்தான் சரி. அங்கே டிம்மில் வேகமாகப் போனால், சாலையோரம் நடந்து போகிற ஆளோ பின்விளக்கில்லாத டிராக்டரோ கண்ணில் படும்போது பிரேக் போட இடம் இருக்காது.

எப்போது குறைக்க வேண்டும் என்பதற்கு 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளைப் பார்க்க வேண்டும். எதிரே வண்டி வரும்போது குறைக்க வேண்டும். முன்னால் போகும் வண்டியை நெருங்கிப் பின்தொடரும்போதும் குறைக்க வேண்டும். தெருவிளக்கு நன்றாக எரியும் சாலையில் பிரைட்டே தேவையில்லை. இதில் இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னாலிருந்து அடிக்கும் பிரைட் மூன்று கண்ணாடிகள் வழியாக முன்னால் போகிறவரின் கண்ணுக்குள் விழுகிறது. அவர் அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது.

எவ்வளவு தூரத்தில் குறைப்பது? இரண்டு வண்டிகள் தலா 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால், 155 மீட்டர் இடைவெளி மூன்றரை விநாடியில் தீர்ந்துவிடும். ஆகவே அருகில் வந்த பிறகு கடமைக்கு ஒரு தடவை டிம் அடித்துக் காட்டுவதில் பயனில்லை. எதிர் வெளிச்சம் தென்பட்டதுமே குறைத்து, கடந்து போகும்வரை டிம்மிலேயே இருக்க வேண்டும்.

அபராதம்

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் தொகைகள் கூடின. ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறினால், அதாவது குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்காமல் ஓட்டினால், 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை. மற்ற விதிமீறல்களுக்கான பொதுப் பிரிவு 177இல் முதல் தடவை 500, அடுத்தடுத்த தடவைகளில் 1,500 வரை. இடத்திலேயே கட்டும் தொகைகளைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் மாற்றி அறிவித்தது.

கூடுதல் விளக்குகளின் கதை வேறு. வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ மாட்டக் கூடாது என்று 111ஆவது விதி நேரடியாகச் சொல்கிறது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஜீப்பின் கூரையில் வரிசையாக மாட்டுகிற எல்.இ.டி. பட்டை, புல்லட்டின் இரு பக்கமும் வைக்கிற கூர்மையான வெள்ளை விளக்கு எல்லாம் கடையில் கிடைக்கின்றன என்பதற்காகச் சட்டப்படி சரியாகிவிடாது. வண்டியின் அமைப்பையே அனுமதியில்லாமல் மாற்றியதாக வழக்குப் பதிந்தால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி பொருத்தித் தரும் ஃபாக் லைட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது தாழ்வாக இருக்கும், வெளிச்சத்தை அகலமாகவும் கீழாகவும் பரப்பும். முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியவிடுவதையும் 108ஆவது விதி தடுக்கிறது.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக், ஸ்கூட்டர்களில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஹெட்லைட் தானாக எரியும். பகலில் லைட் எரிகிறதே என்று சிக்னலில் கையைக் காட்டிச் சொல்லும் நல்ல மனது உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அரசு உத்தரவுப்படி வந்தது, குற்றம் ஆகாது. ஆனால் அது டிம்மில் எரிய வேண்டும். சுவிட்ச் பிரைட்டில் சிக்கியிருப்பது தெரியாமலே நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் உண்டு. மீட்டரில் நீல நிற விளக்கு எரிந்தால் பிரைட்டில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கூசுவதற்குப் பெரிய காரணம் பல்பு

ஓட்டுநர் டிம்மில்தான் வருகிறார், ஆனாலும் நம் கண் கூசுகிறது. இந்த நிலைமை கடந்த சில ஆண்டுகளில் கூடிவிட்டது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பழைய ஹாலஜன் எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். டிம்முக்கான இழையின் அடியில் சின்னதாக ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்துவிடும். மீதி வெளிச்சம் விளக்கின் மேல்பாதி ரிஃப்ளெக்டரில் பட்டுக் கீழ்நோக்கிச் சாலையில் விழும். இழை இருக்கும் இடம் சற்று விலகினாலும் இந்த ஏற்பாடு முழுவதும் கெட்டுவிடும். அதனால்தான் ஹெட்லைட் கண்ணாடியையும் ரிஃப்ளெக்டரையும் குறிப்பிட்ட ஒரு வகை பல்புக்கென்றே வடிவமைக்கிறார்கள்.

அந்த ஹாலஜன் விளக்குக்குள் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைச் செருகினால் என்ன ஆகும்? ஒளி பிறக்கும் இடமும் அதன் வடிவமும் மாறிவிடும். இழைக்காகச் செய்த ரிஃப்ளெக்டர் அந்த ஒளியை மேலும் பக்கவாட்டிலும் சிதறடிக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு வண்டிக்கு முன்னால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவதால் நல்ல லைட் என்று தோன்றும். எதிரே வருகிறவருக்கு டிம், பிரைட் வித்தியாசமே தெரியாது. இதில் ஓட்டுகிறவருக்கும் நஷ்டம்தான். அருகில் பளீரென்று இருப்பதால் கண் அதற்குப் பழகி, தூரத்து இருட்டில் நிற்பது தெரியாமல் போகும். எல்.இ.டி.யே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கம்பெனியிலேயே எல்.இ.டி.க்கென்று வடிவமைத்து வந்த விளக்கு சரியாகப் பொருந்தியிருந்தால் கண்ணைக் கூசாது.

வாட் கணக்கும் இருக்கிறது. காரில் வரும் எச்4 பல்பு 60/55 வாட். பல பைக்குகளில் 35/35. கடைகளில் 100/90 வாட் பல்பும் கிடைக்கிறது. அந்தச் சூட்டைத் தாங்கும்படி வயரும் ஹோல்டரும் செய்யப்படவில்லை. ஹோல்டர் உருகி, நடு வழியில் இரண்டு விளக்கும் அணைந்து போகலாம்.

நம் ஊர்ப் போலீஸார் பல இடங்களில் வண்டியை நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் உள்ளே இருக்கும் பல்பு தப்பானது என்றால் ஸ்டிக்கர் மறைக்காத இடம் வழியாகக் கூசத்தான் செய்யும். ஒட்டுவதோடு நிற்காமல் பல்பையும் பார்த்தால்தான் பலன் இருக்கும் என்பது என் கருத்து.

யார் சோதிப்பது?

லாரி, பஸ், டாக்சி, ஷேர் ஆட்டோவுக்கெல்லாம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று உண்டு. புது வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். அதில் ஹெட்லைட்டும் பார்க்கப்படும். தானியங்கிச் சோதனை நிலையங்களில் ஒளியின் திசையை அளக்கும் கருவியே இருக்கிறது. சொந்தக் கார், பைக்குக்கு? பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் ஆர்.டி.ஓ.விடம் காட்டுகிறோம். நடுவில் புகைச் சோதனை மட்டும் நடக்கிறது, அதில் விளக்கைத் தொடுவதே இல்லை. சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை சொந்த உபயோக வண்டிகள். அவற்றின் ஹெட்லைட்டை 15 ஆண்டுக்கு ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை. புகைச் சோதனை செய்யும் இடத்திலேயே விளக்கையும் ஒரு நிமிடம் பார்க்க விதி வந்தால், தெருவில் நின்று ஆயிரம் பேரைப் பிடிப்பதைவிடப் பலன் அதிகம். அது வரும்வரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பார்ப்பது கஷ்டமில்லை. சமதளமான இடத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி, சுவரை நேராகப் பார்க்கும்படி காரை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடப்பக்கம் அது சற்று மேலே ஏறினால் பயப்பட வேண்டாம். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் சாலையோர ஆளும் பலகையும் தெரிவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் மேலே ஏறினால்தான் தவறு. பல்பு மாற்றிய பிறகும், முன்பக்கம் இடிபட்டு ரிப்பேர் செய்த பிறகும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் சில நிமிடத்தில் திருத்திவிடுவார்.

பல கார்களில் டாஷ்போர்டில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு திருகு இருக்கும். வண்டி வாங்கி ஆண்டுக்கணக்கில் அதைத் தொடாதவர்கள் நிறையப் பேர். பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முகம் தூக்கிக்கொள்ளும், டிம் வெளிச்சமே எதிராளி கண்ணுக்கு ஏறிவிடும். பாரம் ஏற ஏற அந்தத் திருகை 1, 2 என்று மாற்றினால் ஒளி தாழும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் ராத்திரிப் பயணத்தில் இது மிகவும் தேவைப்படும்.

நம் மேல் வெளிச்சம் அடித்தால்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறோம். கண் இரண்டு விநாடி மங்கினால் 44 மீட்டர் பார்வையில்லாமல் ஓட்டியதாகும். எதிர் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது விளிம்பில் உள்ள வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். ஒரு முறை டிம் அடித்துக் காட்டலாம். அவர் குறைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பதிலுக்குப் பிரைட் போட்டால் பார்வை மங்கியவர்கள் இரண்டு பேர் எதிரெதிரே வருவார்கள். வயதானவர்களுக்கும் கண்புரை ஆரம்பித்தவர்களுக்கும் ஒளி கண்ணுக்குள் அதிகம் சிதறும், பார்வை தெளியவும் நேரமாகும். அப்பா, அம்மா ராத்திரியில் ஓட்டத் தயங்கினால் கண் டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள். முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். ஹெல்மெட் வைசரில் கீறல் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தை இழுத்துப் பரப்பும். ஊட்டி, கொடைக்கானல் பாதையில் மூடுபனி இறங்கினால் பிரைட் போடாதீர்கள். பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே வெளிச்சம் திரும்பும்.

நான்கு வழிச்சாலையின் நடுவில் அரளிச் செடி வைப்பதற்கு அழகு மட்டும் காரணம் கிடையாது. எதிர்ப்பக்க வெளிச்சத்தை மறைப்பதும் அதன் வேலை. செடி பட்டுப்போய் இடைவெளி விழுந்த இடத்தில் ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் முகத்தில் அடிக்கும். தேசிய நெடுஞ்சாலையில் அப்படி ஓர் இடம் கண்ணில் பட்டால் 1033 என்ற உதவி எண்ணில் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லிப் புகார் செய்யலாம். எந்த நேரமும் எடுப்பார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைப் பேசச் சொல்லுங்கள்.