கீழடிக்கு வயது சொன்ன கார்பன்தான் இந்தப் புகைக்கும் சாட்சி

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை எனக்குத் தள்ளிவிட்டு, கீழே ஒரு கேள்வியும் போட்டிருந்தான். செய்தி பல வருடமாகச் சுற்றுவதுதான். ஒரு எரிமலை வெடித்தால் வரும் புகைக்கு முன்னால் மனிதன் இதுவரை விட்ட புகையெல்லாம் ஒன்றுமே இல்லையாம், பருவநிலை மாற்றம் என்பதே நம்மைத் தொழில் செய்யவிடாமல் தடுக்க வெளிநாட்டுக்காரன் கட்டிய கதையாம். ஆனால் அவன் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. “மாமா, காத்துல கலந்த அப்புறம் எல்லாம் ஒரே கார்பன் டை ஆக்சைடுதானே? இது எரிமலையில இருந்து வந்தது, இது எண்ணூர் புகைபோக்கியில இருந்து வந்ததுன்னு எப்படிப் பிரிச்சு சொல்றாங்க? அதுல பேரா எழுதியிருக்கு?”

எழுதித்தான் இருக்கிறது. பள்ளிக்கூட டிசியில் அங்க அடையாளம் என்று ஒரு வரி இருக்குமே, வலது முழங்கையில் மச்சம், நெற்றியில் தழும்பு என்று, அதுபோல கார்பனுக்கும் உண்டு.

தெரிந்த விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது இன்று நேற்று கண்டுபிடித்ததில்லை, 1856இல் யூனிஸ் ஃபூட்டும் 1859இல் ஜான் டிண்டலும் சோதனை செய்து பார்த்தது. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடிய அந்தப் பங்கு யாருடையது என்பதுதான் கேள்வி.

கார்பன் அணுவில் மூன்று வகை. நூற்றுக்கு 99 கார்பன் 12. மீதி ஒன்று, கொஞ்சம் எடை கூடிய கார்பன் 13. மூன்றாவதான கார்பன் 14 லட்சம் கோடி அணுக்களில் ஏறக்குறைய ஒன்றுதான் இருக்கும், ஆனால் அதன் பிறப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. எங்கோ நட்சத்திரம் வெடித்துக் கிளம்பிய காஸ்மிக் கதிர்கள் நம் தலைக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும், காற்றில் வந்து மோதுகின்றன. அந்த மோதலில் தெறிக்கும் நியூட்ரான் ஒன்று நைட்ரஜன் அணுவின் கருவுக்குள் புகுந்து, உள்ளே இருந்த ஏழு புரோட்டான்களில் ஒன்றை வெளியே தள்ளிவிடுகிறது. ஏழு ஆறானால் அது நைட்ரஜன் இல்லை, கார்பன். இப்படிப் பிறந்த கார்பன் 14 ஆக்சிஜனோடு சேர்ந்து கீழே இறங்குகிறது, இலை அதை உறிஞ்சுகிறது, இலையிலிருந்து நெல்லுக்கும் ஆட்டுக்கும் கடைசியில் நமக்கும் வருகிறது. உங்கள் உடம்பிலும் இருக்கிறது. இந்த வரியை நீங்கள் படிக்கும்போதே வினாடிக்குச் சுமார் மூவாயிரம் கார்பன் 14 அணுக்கள் உள்ளே சிதைந்து மறுபடி நைட்ரஜனாகிக்கொண்டிருக்கின்றன. சாப்பாட்டில் புதிதாக வந்துகொண்டே இருப்பதால் கணக்கு குறைவதில்லை.

உயிர் போனால் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். 5,730 ஆண்டுகளில் பாதி, அடுத்த 5,730இல் அந்தப் பாதியில் பாதி.

காசிமேட்டில் மீன் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூடையில் இருக்கும் மீன் இன்றைக்கு வந்ததா, ஐஸில் கிடந்ததா என்று கேட்டால் அந்த அக்கா பதில் பேசமாட்டார், செவுளைத் தூக்கிக் காட்டுவார். ரத்தச் சிவப்பாக இருந்தால் புதுசு, பழுப்பேறியிருந்தால் நாளாகிவிட்டது. உயிர் போய் எவ்வளவு நேரமாச்சு என்பதற்குச் செவுள் சாட்சி. கரித்துண்டுக்கும் மரத்துக்கும் கார்பன் 14தான் செவுள்.

இதை 1949இல் அமெரிக்க வேதியியலாளர் வில்லார்டு லிபி செய்து காட்டினார், 1960இல் நோபல் பரிசு வாங்கினார். நமக்கு அவரைவிட நெருக்கமான உதாரணம் இருக்கிறது: கீழடி. அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமப் பொருளை அமெரிக்காவுக்கு அனுப்பி கார்பன் 14 எண்ணித்தான், அது கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று 2019இல் சொன்னார்கள். 2,600 வருடம் என்றால் நூற்றுக்கு 73 பங்கு கார்பன் 14 இன்னும் மிச்சம் இருக்கும், அதை எண்ணுவது பெரிய சிரமமில்லை. அந்தச் செய்தி வந்த அன்று நம் தெருவில் யார் பெருமைப்படவில்லை? எரிமலைச் செய்தியை அனுப்பியவர்களில் பாதிப் பேர் அன்றைக்குக் கீழடியை ஸ்டேட்டஸ் வைத்தவர்கள்தான். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு, அதே கருவி சொல்லும் இன்னொரு வாக்குமூலத்தையும் கேளுங்கள்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் நிலக்கரியில் பெரும்பங்கு ஒடிசாவின் தால்ச்சேர் பக்கத்தில் தோண்டியது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்த காலத்தில், சதுப்பில் வளர்ந்த குளோசாப்டெரிஸ் போன்ற மரங்கள் புதைந்து இறுகியதுதான் அது. நாக்கு வடிவத்து இலை, தொல்லுயிர்ப் படிவங்களில் அதன் நரம்புகூடத் தெரியும். செத்து 25 கோடி வருடத்துக்கு மேலாகிறது. 50,000 வருடம் தாண்டினாலே அளக்க முடியாத அளவுக்கு கார்பன் 14 தீர்ந்துவிடும், 25 கோடி வருடத்துக்குப் பிறகு அந்தக் கரியில் மருந்துக்குக்கூட மிஞ்சாது. அதை எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடிலும் இருக்காது. பாலில் தண்ணீர் ஊற்றினால் லாக்டோமீட்டர் காட்டிக்கொடுக்கிற மாதிரி, கார்பன் 14 இல்லாத புகை சேரச் சேர காற்றில் அதன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். போகிறதா? 1955இல் ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் மரத்தின் வளையங்களை எடுத்துப் பார்த்தார். மரம் ஒவ்வொரு வருடமும் அந்த வருடத்துக் காற்றை வைத்து ஒரு வளையம் கட்டுகிறது, அதனால் ஒவ்வொரு வளையமும் அந்தந்த வருடத்துக் காற்றின் மாதிரி. 19ஆம் நூற்றாண்டு வளையங்களைவிட 20ஆம் நூற்றாண்டு வளையங்களில் கார்பன் 14 குறைந்திருந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்து சூஸ் விளைவு என்கிறார்கள். அப்புறம் வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்து விளையாடியதில் காற்றில் கார்பன் 14 கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிக் கணக்கு குழம்பியது. வானத்தில் வெடிக்கக் கூடாது என்று 1963இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தக் கூடுதல் வடிந்துவிட்டது, சரிவு தொடர்கிறது.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் கையைத் தூக்க வேண்டும். எரிமலைக் கார்பனும் பூமிக்கு அடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்ததுதானே, அதிலும் கார்பன் 14 இருக்காதே? உண்மை, இருக்காது. அதனால்தான் இரண்டாவது அடையாளம். இலைக்குள் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியிடம் எடை குறைந்த கார்பன் 12 கொஞ்சம் சுலபமாகச் சிக்கும், கார்பன் 13 கொஞ்சம் கம்மியாகத்தான் சிக்கும். ஆகவே செடியாக இருந்த எதிலும் கார்பன் 13 காற்றைவிடக் குறைவு. செடி செத்தாலும், கரியானாலும், இந்த மச்சம் மறையாது. எரிமலைக் கார்பன் இலை வழியாக வந்ததில்லை, அதில் கார்பன் 13 இன்றைய காற்றைவிடக் கூடுதல். எரிமலைதான் காரணம் என்றால் காற்றில் கார்பன் 13 விகிதம் ஏற வேண்டும், அது விடாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. சரி, காட்டுத்தீயாக இருக்கலாமே என்றால், இன்றைய மரத்தில் கார்பன் 14 நிறையவே இருக்கும். கார்பன் 14ம் இல்லை, கார்பன் 13ம் குறைவு, இரண்டும் சேர்ந்து பொருந்துவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: ஒரு காலத்தில் இலையோ பாசியோ வழியாக வந்து, செத்துப் பல கோடி வருடமானது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு.

இதோடு ஆக்சிஜனும் அளக்கிறார்கள். எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும், எரிமலை கக்கும் கார்பன் டை ஆக்சைடுக்குத் தேவையில்லை. காற்றில் ஆக்சிஜன் மிக மெல்லக் குறைந்து வருகிறது (மூச்சுக்குப் பஞ்சம் வந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம், 21 சதவீதத்தில் இது அற்பம்). அளவு என்று பார்த்தாலும், 1991இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்தபோது வந்தது சுமார் 5 கோடி டன், நாம் கரியும் எண்ணெயும் எரித்து ஒரு வருடத்தில் விடுவது 3,700 கோடி டன். வருடத்துக்கு எழுநூறுக்கும் மேல் பினாட்டுபோ வெடித்தால்தான் நம் பக்கத்தில் நிற்க முடியும்.

இந்த அளவீடெல்லாம் தானாக வந்துவிடவில்லை. ஹவாயின் மவுனா லோவா மலையில் 1958 முதல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி காற்றில் கார்பன் டை ஆக்சைடை அளந்த வரைபடத்தை உற்றுப் பார்த்தால் 1964இன் தொடக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். பணம் வெட்டப்பட்டதால் சில மாதம் அளக்கவில்லை. போன மாதத்துக் காற்றை இந்த மாதம் போய் அளக்க முடியாது, அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும். கோவாவின் கேப் ராமாவில் 1993 முதல் எடுத்துவந்த காற்று மாதிரிகளும் 2002க்குப் பிறகு சில வருடம் தொடர்ச்சி அறுந்தன. ராக்கெட் விட்டால் கைதட்டுகிறோம், கைதட்ட வேண்டியதுதான். ஆனால் விடாமல் குடுவையில் காற்றைப் பிடித்து எண் எழுதி வைக்கும் வேலைக்கு வருடம் தவறாமல் சம்பளம் கொடுக்க எந்த அரசும் ஆர்வம் காட்டுவதில்லை என்பதில் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதி அனுப்பியதும் தங்கை மகன் கேட்டான், “அப்ப இந்தப் புகையால கீழடி மாதிரி வயசு கணிக்கிறதே கெட்டுப்போகுமா மாமா?” கீழடி மண்ணில் கிடந்த பழைய கரிக்கு ஒன்றும் ஆகாது, இன்றைக்கு முளைக்கிற பருத்திக்குத்தான் ஆகும். அது உறிஞ்சுவது ஏற்கெனவே கார்பன் 14 நீர்த்துப்போன காற்று, எனவே பிறக்கும்போதே கிழடு மாதிரி தெரியும். ஹெதர் கிரேவன் என்ற ஆய்வாளர் 2015இல் போட்ட கணக்குப்படி, இதே வேகத்தில் எரித்துக்கொண்டே போனால் 2050இல் எம்.சி. ரோட்டில் வாங்கிய புதுச் சட்டையும், திருவொற்றியூர் கோயிலைக் கல்லில் எழுப்பிய ராஜேந்திர சோழன் காலத்துத் துணியும், கார்பன் 14 கருவியில் ஒரே வயதைக் காட்டும்.