நரம்பெடுத்த பல்லில் கொப்புளம்

"நரம்பைத்தான் எடுத்தாகிவிட்டதே டாக்டர், பிறகு எப்படி வலிக்கும்?"

ரூட் கெனால் செய்த பல்லோடு திரும்பி வருபவர்களில் பெரும்பாலோர் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். நாங்கள் எடுப்பது பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த சதையை. பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் மெல்லிய சவ்வு வெளியே அப்படியேதான் இருக்கிறது. அதற்கும் நரம்பு உண்டு. வேரின் நுனியில் கிருமி தங்கிவிட்டால் அந்தச் சவ்வு வீங்கும். கடிக்கும்போது அந்த ஒரு பல் மட்டும் உயர்ந்து நிற்பதுபோல் இருக்கும்.

வலியோடு வருபவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. வலியே அவர்களை இழுத்துக்கொண்டு வந்துவிடும். வலி இல்லாதவர்கள்தான் காலம் கடத்திவிடுகிறார்கள்.

வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அம்மா வந்திருந்தார். மேல் வரிசையில் இடப்பக்க ஈறில் மிளகளவு கொப்புளம், எட்டு மாதமாக. காலையில் பல் துலக்கும்போது ஆள்காட்டி விரலால் அழுத்துவாராம், உப்புக் கரிக்கும் துளி ஒன்று வெளியே வரும், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பார், கொப்புளம் அமுங்கிவிடும். இரண்டு நாளில் மறுபடி எழும்பும். "வலி ஒன்றும் இல்லை டாக்டர், மகள் திட்டினாள் என்றுதான் வந்தேன்" என்றார். அவருக்கு வலி இல்லாததற்குக் காரணமே அந்தக் கொப்புளம்தான். உள்ளே சேரும் சீழுக்கு அது வடிகால். அது அடைபட்டிருந்தால் கன்னம் வீங்கி நள்ளிரவில் ஓடி வந்திருப்பார்.

கொப்புளம் இருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது முன்கடைவாய்ப் பல். அதில் குளிர்ச்சி வைத்துப் பார்த்தேன், சுள்ளென்று உணர்ந்தார். அந்தப் பல் உயிரோடு இருந்தது. வேர் அடைக்கப் பயன்படுத்தும் கட்டாபெர்ச்சா குச்சி ஒன்றை எடுத்துக் கொப்புளத்தின் வாய் வழியே மெல்ல நுழைத்தேன். தடை வந்ததும் நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தேன். குச்சி பின்பக்கமாக வளைந்து போய், ஆறு ஆண்டுகளுக்கு முன் ரூட் கெனால் செய்து கேப் போட்ட பெரிய கடைவாய்ப் பல்லின் முன்வேர் நுனியில் நின்றது. அந்த நுனியைச் சுற்றி, எலும்பு கரைந்திருப்பதைக் காட்டும் பட்டாணியளவு கருநிழல். கொப்புளத்தை மட்டும் நம்பியிருந்தால் பழுதில்லாத பல்லில் துளை போட்டிருப்பேன்.

மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்கள். மூன்று வேர் என்றால் நரம்பு ஓடும் குழாயும் மூன்று என்று கணக்குப் போட்டால் ஏமாறுவோம். கன்னத்தை ஒட்டிய முன்வேருக்குள் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்கும். இரண்டாவதன் வாயைப் பல்லின் திசுவே கூரைபோல மூடியிருக்கும். அந்த அம்மாவின் பல்லில் கேப்பைக் கழற்றி, பழைய அடைப்பை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் அந்தக் கூரையை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சுரண்டிய பிறகுதான் குழாயைத் துழாவும் ஊசி போன்ற எட்டாம் எண் ஃபைலின் நுனி ஓர் இடத்தில் பிடித்தது. அந்த நுனியின் பருமன் 0.08 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி அளவு. முதலில் சிகிச்சை செய்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நுண்ணோக்கி வாங்குவதற்கு முன் நான் இப்படி எத்தனை நான்காவது குழாய்களை விட்டிருப்பேனோ, யார் கண்டது?

விட்டுப்போன குழாய் ஒரு காரணம் என்றால், நான் அடிக்கடி பார்க்கும் மற்றொன்று மேலிருந்து வருவது. என் கையால் செய்த பல் ஒன்றையே சொல்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல். குழாய்கள் எல்லாம் நுனிவரை அடைபட்டு, எக்ஸ்ரே படம் பார்க்கவே அழகாக இருந்தது. "தங்கை கல்யாணம் முடியட்டும், கேப் போட்டுக்கொள்கிறேன்" என்று போன இளைஞர் இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தார். தற்காலிக அடைப்பு எப்போதோ கரைந்து போயிருந்தது, பல்லின் ஒரு மூலை உடைந்திருந்தது. உள்ளே திணித்த கட்டாபெர்ச்சா மலாய் நாட்டு மரப்பால். 1851இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையானதும் அதுதான். கடலையே தாங்கிய பொருள்தான், ஆனால் பல்லின் மேல்பக்கம் மூடாமல் திறந்து கிடந்தால் அதன் ஓரங்கள் வழியே எச்சிலும் கிருமியும் வாரக்கணக்கில் கசிந்து இறங்கிவிடும். கல்யாணம் முடிந்ததா என்று நான் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். இப்போது கேட்கிறேன்.

இந்தக் கட்டத்தில் பலர் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். மூன்று நாளில் வீக்கம் வற்றும், ஆள் நிம்மதியாகிவிடுவார். மாத்திரை ரத்தத்தில்தான் போகும்; நரம்பெடுத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி உட்கார்ந்திருக்கும் குழாய்க்குள் மருந்து எட்டுவதே இல்லை. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் மாத்திரை தேவைதான், ஆனால் பல்லைத் திறந்து சுத்தம் செய்வதற்கு அது மாற்றாகாது.

அதற்காக, ரூட் கெனால் செய்த பல் சுருக்கென்றாலே மறுபடி செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். செய்த நான்கைந்து நாள் கடிக்கும்போது கூச்சம் இருப்பது இயல்பு. கேப் கொஞ்சம் உயரமாக அமைந்தாலும் வலிக்கும். அதைத் தேய்த்துச் சரிசெய்தால் போதும். வேர் நுனியில் முன்பே இருந்த கருநிழல் மறைய ஓராண்டும் ஆகலாம், நான்கு ஆண்டும் ஆகலாம். பழைய படத்தைவிடப் புதிய படத்தில் அது சிறுத்திருந்தால் எலும்பு வளர்கிறது என்று பொருள். தொடாமல் விடுவதே மரியாதை. ஆகவே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி, செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய படம் கையில் இல்லாவிட்டால் அந்த நிழல் வளர்கிறதா தேய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மறுபடி செய்தும் பயனில்லாத பல்லும் உண்டு. ஒருவர், தட்டை கடித்தபோது 'டக்'கென்று கேட்டது என்று வந்தார். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே சுற்றிலும் அளவுகோலை இறக்கிப் பார்த்தால் ஆழம் எங்கும் மூன்று மில்லிமீட்டர், ஒரே ஓர் இடத்தில் மட்டும் பத்து. வேர் நெடுகப் பிளந்திருக்கும்போது காணும் அளவு இது. பழைய அடைப்பை அகற்றிப் பார்த்தபோது விரிசல் கண்ணுக்கே தெரிந்தது. எடுத்துவிடச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், ஆனால் அந்தப் பல்லில் இன்னொரு ரூட் கெனாலுக்குக் காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் முறை செய்வதற்கு முதல் முறையைவிட நேரமும் செலவும் கூடும். கேப்பை உடைக்க வேண்டியிருக்கும், புதிதாகப் போட வேண்டும். வெற்றி விகிதமும் சற்றுக் குறைவு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நான்கில் மூன்று பல் குணமாகிறது. அதிலும் ஆறாவிட்டால் ஈறைத் திறந்து வேர் நுனியில் மூன்று மில்லிமீட்டர் வெட்டி, அங்கிருந்து அடைக்கும் சிறு அறுவை சிகிச்சை இருக்கிறது.

மாவு விற்கும் அம்மா மூன்று முறை வந்தார். முதல் நாள் நான்கு குழாய்களையும் கழுவி உள்ளே கால்சியம் மருந்து வைத்தேன்; இரண்டு வாரம் கழித்து வந்தபோது கொப்புளம் இருந்த இடம் தெரியவில்லை; அன்றே அடைத்தேன். மூன்றாவது முறை புது கேப். ஓராண்டு கழித்து எடுத்த படத்தில் பட்டாணி நிழல் கடுகளவாகியிருந்தது. படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஆள்காட்டி விரல் உதட்டைத் தூக்கி அந்த இடத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. நிழல் இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதால் அடுத்த தை முடிந்து வரச் சொல்லியிருக்கிறேன்.