புள்ளி வட்டம் எங்கிருந்து வந்தது?

நூலகப் பட்டியல் ஒன்றுக்கு இணையதளம் செய்துகொண்டிருக்கும் வாசகர் ஒருவர் இரண்டு திரைப்பிடிப்புகளை அனுப்பியிருக்கிறார். தேடல் பெட்டியில் ‘க’ என்று தட்டினால், முடிவுகளில் பொருந்தும் இடம் சிவப்பில் தெரிய வேண்டும். ஓர் உலாவியில் ‘கொடி’ ஒழுங்காக நிற்கிறது. இன்னொன்றில் ‘க’ மட்டும் தனியே சிவந்து நிற்க, அதன் வலப்பக்கம் ஒரு கொம்பு, புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், ஒரு கால், அப்புறம் ‘டி’. “இந்த வட்டத்தை நான் எழுதவே இல்லை. எப்படி வந்தது? இன்னும் எத்தனை உலாவிகளில் பார்த்துத் தொலைக்க வேண்டும்?” என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இணையப் பக்கம் அச்சாகி வரும் தாள் அல்ல, கையெழுத்துப் பிரதி. அவரவர் கருவியில் இருக்கும் அச்சகம் அதைக் கோர்த்துக் காட்டுகிறது. உலாவிகளின் பெயர்கள் பல. பக்கத்தைத் திரையில் வரைய உள்ளே ஓடும் எஞ்சின்கள் பெரும்பாலும் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஓபரா ஆகியவற்றில் பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸில் கெக்கோ, சஃபாரியில் வெப்கிட். ஐபோனில் குரோமைத் திறந்தாலும் உள்ளே இருப்பது வெப்கிட்தான்; எந்த உலாவியும் அதையே பயன்படுத்த வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2024இல் அந்த விதி தளர்ந்தது. ஆகவே “குரோமில் பார்த்துவிட்டேன்” என்று யாராவது சொன்னால், எந்தக் கருவியில் என்று கேளுங்கள்.

இனி வட்டம். ‘கொடி’ என்பது நமக்கு இரண்டு எழுத்து. கணினியின் நினைவில் அது நான்கு குறியெண்கள்: க, ஒகரக் குறி, ட, இகரக் குறி. எழுத்துகளுக்கு எண் தரும் உலகப் பொதுத் தரமான யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. ஆகவே ஒகரக் குறி ககரத்துக்குப் பின்னால் வருகிறது. திரையிலோ அதில் பாதி ககரத்துக்கு முன்னும் பாதி பின்னும் நிற்க வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் கொம்பை ஒரு குழியிலிருந்தும் ககரத்தை இன்னொன்றிலிருந்தும் காலை வேறொன்றிலிருந்தும் எடுத்து அடுக்குவார். இன்று அந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு ஷேப்பர் என்று பெயர். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இருப்பது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற மென்பொருள். பாரசீகத்தில் ‘ஹர்ஃப்’ என்றால் எழுத்து, ‘பாஸ்’ என்றால் திறந்தது. ஓப்பன்டைப் என்ற எழுத்துரு வடிவத்தின் பெயரைக் குறும்பாக மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். சஃபாரிக்கு ஆப்பிளின் கோர் டெக்ஸ்ட்.

ஷேப்பர் ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரிக்கிறது. இந்தக் கொம்புக்கு உரிய மெய் எது என்று தேடுகிறது. ககரம் அகப்பட்டதும் கொம்பைத் தூக்கி அதன் இடப்பக்கம் வைக்கிறது. பிறகு எழுத்துருவுக்குள் இருக்கும் அட்டவணையைப் புரட்டுகிறது: டகரமும் இகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் ‘டி’ என்ற வடிவத்தைப் போடு, மகரத்தோடு உகரக் குறி வந்தால் ‘மு’வைப் போடு என்று அங்கே எழுதியிருக்கும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்துத்தான் வருகிறது. கொம்பு இருக்கிறது, தேடினால் மெய்யே இல்லை என்றால்? ஷேப்பர் அதை மறைப்பதில்லை. ஒரு புள்ளி வட்டத்தைத் தானே கொண்டுவந்து நட்டு, அதன் இருபுறமும் கொம்பையும் காலையும் மாட்டிவிடுகிறது. உயிர் வந்திருக்கிறது, மெய்யைக் காணோம் என்பதுதான் அந்த வட்டத்தின் பொருள். இலக்கணம் படித்தவர் எவரும் ரசிக்க வேண்டிய பிழைச் செய்தி.

மெய்யைக் கடத்தியது வாசகரின் நிரல்தான். ‘க’வை மட்டும் பிரித்து வண்ணம் பூசியதால் ‘கொ’ இரண்டு துண்டானது. ஒரே எழுத்துருவில், ஒரே தடிமனில் ஓடும் பகுதியைத்தான் ஷேப்பர் ஒரு மூச்சில் கோர்க்கும். ‘க’வைத் தடித்த எழுத்தாக்கினால் அந்த இடத்தில் கோர்ப்பு அறுந்தே போகும். நிறம் மட்டும் மாறினால் அறுக்கக் கூடாது என்கிறது பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் விதி. உலாவிகளும் அவற்றின் பழைய பதிப்புகளும் அதில் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. இரண்டு படங்களுக்கும் உள்ள வேறுபாடு அதுதான். “கேஷைத் துடைத்துப் பாருங்கள்” என்று, அதாவது உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதிகளை அழிக்கும்படி, அவருடைய நண்பர் சொன்னாராம். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

எஞ்சின் ஒன்றாக இருந்தாலும் எழுத்துரு மாறும். நீங்களாக எதையும் அனுப்பாவிட்டால் விண்டோஸ் நிர்மலா யூஐயை எடுக்கும், ஆண்ட்ராய்டு நோட்டோ சான்ஸ் தமிழை எடுக்கும். அகலம் வேறு, உயரம் வேறு. ஒன்றில் பொத்தானுக்குள் அடங்கிய ‘பதிவிறக்கு’ இன்னொன்றில் இரண்டு வரியாகும்.

இவ்வளவையும் கையால் பார்க்க முடியாது என்பதால் தானியங்கிச் சோதனைகள் வந்தன. அவற்றுக்கான கருவிகளில் ஒன்றான செலினியம் 2004இல் தொடங்கியது. உலாவியை வெளியிலிருந்து ஓட்டும் வெப்டிரைவர் முறை 2018இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமானது. உலாவியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, படம் பிடித்து, நேற்றைய படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடலாம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இந்தச் சோதனை மாதக்கணக்கில் பச்சை விளக்கே காட்டியது. ஒருநாள் படங்களைத் திறந்து பார்த்தால் தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். சோதனை ஓடிய லினக்ஸ் கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை. முதல் நாளும் கட்டம், மறுநாளும் கட்டம். இரண்டும் அச்சாகப் பொருந்தின!

லினக்ஸில் ஓடும் வெப்கிட்டை நம்பி “சஃபாரியிலும் சரி” என்று கையெழுத்துப் போடுவதும் இதே ரகம். அங்கே எழுத்தைக் கோர்ப்பது ஹார்ஃப்பஸ், கோர் டெக்ஸ்ட் அல்ல. தமிழைப் பொறுத்தவரை உண்மையான ஐபோன் ஒன்றை இரவல் வாங்கியாவது பார்க்க வேண்டும். தமிழ் வளர்ச்சிக்கு என்று மாநாட்டுப் பந்தலுக்கும் தோரணத்துக்கும் செலவாவதில் ஒரு துளியை, உலாவிகளுக்கான பொதுச் சோதனைத் தொகுப்பில் தமிழ்ச் சோதனைகளை எழுதும் இரண்டு பொறியாளர்களுக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம் என்பது என் நெடுநாள் புலம்பல்.

வாசகருக்கு வைத்தியம்: ‘க’வை மட்டும் வெட்டாமல் ‘கொ’ முழுவதையும் சிவப்பாக்குங்கள். எழுத்தின் எல்லையைக் கண்டுபிடிக்க ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்டர் என்று ஒரு வசதி உண்டு. குரோமுக்கு 2020இலேயே வந்தது, ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024இல்தான் வந்தது, ஆகவே பழைய பதிப்புகளிலும் ஓட்டிப் பாருங்கள். அதுவும் ‘க்ஷ’வை ‘க்’, ‘ஷ’ என்று இரண்டாகத்தான் பிரிக்கும். உங்கள் பட்டியலில் லக்ஷ்மி இருந்தால் அதற்குத் தனியாக நாலு வரி எழுத வேண்டியிருக்கும். லட்சுமி என்று எழுதுவோருக்கு அந்தத் தொல்லை இல்லை.