லேத்தை அடிக்கணக்கில் வாங்காதீர்கள்

அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைபவர்கள் உளியைக் கையில்தான் பிடித்திருப்பார்கள். மரம் இணங்கிக் கொடுக்கும், மிச்சத்தை விரல்கள் பார்த்துக்கொள்ளும். இரும்பில் அது நடக்காது. சாதாரண எஃகுக் கம்பியை 2 மி.மீ. ஆழத்தில், சுற்றுக்கு 0.2 மி.மீ. நகர்த்திக் கடைந்தாலே டூல் நுனியில் ஏறத்தாழ 80 கிலோ எடையளவு விசை விழுகிறது. அதைத் தாங்க வேண்டியது லேத், அதாவது கடைசல் எந்திரம்.

அந்த விசை டூலைப் பிடிக்கும் டூல்போஸ்ட், அதைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு, நெடுக நகர்த்தும் கேரேஜ், அடித்தளமான பெட், சுழலும் தண்டைத் தாங்கும் ஹெட்ஸ்டாக், பேரிங், கவ்விப் பிடிக்கும் சக், கடையப்படும் ஜாப் என்று ஒரு சுற்று போய் மறுபடி டூல் நுனிக்கே வந்து சேர்கிறது. நடுவில் எந்த ஒன்று நெளிந்தாலும் அளவு தவறும். அதைவிட மோசமானது அதிர்வு. டூல் இம்மியளவு ஆடினால் ஜாப் மேல் மெல்லிய அலை பதிந்துவிடும். அடுத்த சுற்றில் டூல் சீவுவது அந்த அலையைத்தான்: மேட்டில் சீவல் தடிக்கிறது, பள்ளத்தில் மெலிகிறது. விசை கூடிக் குறைகிறது, ஆட்டம் வளர்கிறது. லேத் கிறீச்சிடும்போது காதில் விழுவது இதுதான். வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கிராஃபைட் செதில்கள் இந்த அதிர்வை உள்வாங்கி வெப்பமாக்கிவிடுகின்றன. பெட் கனமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நம் பக்கத்தில் லேத் என்றாலே பெட் நீளம் நாலரை அடியா, ஆறடியா என்றுதான் பேச்சு தொடங்கும். வீட்டுப் பட்டறைக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது எடையை. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் கிணற்று மோட்டாருக்கு ஒரு புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) கடைய ஆறடி எதற்கு? நீளமான மெலிந்த லேத்தைவிடக் குட்டையான கனத்த லேத் எவ்வளவோ மேல். ஜாப்புக்கும் இதே கணக்குதான். சக்கிலிருந்து வெளியே நீட்டும் நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். எதிர்ப்பக்கம் இருக்கும் டெயில்ஸ்டாக் ஜாப்பின் நுனியைத் தாங்காமல் நீளமாகக் கடையவே கூடாது.

அடுத்தது, குறைந்தபட்ச வேகம். இதை யாரும் கேட்பதில்லை. ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு எஃகில், ஜாப்பின் மேற்பரப்பு டூலைக் கடக்கும் வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் அளவு இருந்தால் பொருத்தம். 25 மி.மீ. கம்பிக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 சுற்று. 200 மி.மீ. வார்ப்பிரும்புப் புல்லியை 20 மீட்டர் வேகத்தில் கடைய 32 சுற்றே போதும்; லேத் அவ்வளவு மெதுவாகச் சுற்ற வேண்டும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் இருந்தால் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வைத்து மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டலாம். ஆனால் வேகத்தை அதில் மட்டும் குறைத்தால் மோட்டாரின் திறனும் சேர்ந்து குறையும். பெல்ட்டோ பேக் கியரோ (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரத் தொகுப்பு) குறைத்தால் முறுக்குவிசை பெருகும். அதனால் பேக் கியர் உள்ள லேத்தையே தேடுங்கள்.

பழைய லேத் வாங்குவது நல்ல யோசனை. பெயின்ட்டைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். சக் அருகே கேரேஜ் லாக்கைச் சற்று இறுக்கி, இழுவை தெரியும்படி வைத்துக்கொண்டு டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளுங்கள். அங்கே போய் இறுகி நின்றால், சக் அருகே பெட் தேய்ந்திருக்கிறது. பிறகு சக்கில் கனத்த கம்பியைக் கவ்வி, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்து மேலே நெம்பிப் பாருங்கள். 0.05 மி.மீ. ஆடினால் பேரிங் வேலை காத்திருக்கிறது. கைப்பிடித் திருகில் தெரியும் வெற்றாட்டத்துக்காக மட்டும் லேத்தை ஒதுக்க வேண்டாம். எப்போதும் ஒரே திசையிலிருந்து திருகி அளவுக்கு வந்தால் அது தொல்லை தராது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டின் இரு முனையிலும் குறுக்கே ரசமட்டம் வைத்துப் பார்த்து, பெட்டில் முறுக்கு இருந்தால் நீக்குங்கள். பிறகு 100 மி.மீ. நீட்டிய தடித்த கம்பியை, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், மெல்லிய சீவலாகக் கடைந்து இரு முனையையும் மைக்ரோமீட்டரில் அளக்கலாம். வித்தியாசம் இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்துக் காலடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி மறுபடி கடைந்து பாருங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் பெட் முழுக்க எண்ணெய் தடவிவிடுங்கள்.